பெங்களூரு: வெள்ளம் வடிந்த வீட்டுக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

கேள்வி, 9 செப்டம்பர் 2022

சர்ஜாப்பூர் ரோடு பக்கம் தனி வீடு. தரைத்தளத்தில் தொடை அளவுக்குத் தண்ணீர் நின்று நேற்றுதான் வடிந்தது. காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். சுவரைக் கழுவி, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் போட்டு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, தீபாவளிக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். பாதித் தொகை முன்பணம் கேட்கிறார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த வருஷம் தலை தீபாவளி. கொடுக்கலாமா?

9 செப்டம்பர் 2022, இரவு

கொடுக்க வேண்டாம் சார். பெயிண்டுக்கும் பட்டிக்கும் இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம். அந்தப் பணம் சேறு அள்ளவும் வயரிங் பார்க்கவும் தேவைப்படும்.

தீபாவளி அக்டோபர் 24. அதற்குள் உங்கள் சுவர் காயாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஊறினால், ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் பழங்கணக்கு. இரண்டு பக்கமும் காற்றும் வெயிலும் கிடைத்தால் சீக்கிரம் காயும். நம் ஊர் செப்டம்பர், அக்டோபர் ஈரக்காற்றில் அந்தக் கணக்கே இழுக்கும். ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பெயிண்ட் கொப்பளித்து, தோல் உரிந்து, உப்புப் பூத்து, பொங்கலுக்குள் கையில் வரும். வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இன்னும் மோசம். அது சுவரையே ஈரத்தோடு வைத்து மூடிவிடும்.

நான் இருப்பது கோரமங்களா எஸ்.டி. பெட் (ஸ்ரீனிவாகிலு ஏரிப் படுகை) லேஅவுட். 2017 ஆகஸ்ட் 15 விடிகாலை மழையில் எங்கள் தெருவே மிதந்தது. கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால் தெருவில் எல்லா வீட்டுச் சுவரையும் போய்த் தட்டிப் பார்த்தேன். அவசரப்பட்டுப் பூசிய வீடுகள் எல்லாம் அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டாவது முறை செலவு செய்தன. காத்திருந்தவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

10 செப்டம்பர் 2022

பெயிண்டைப் பற்றிப் பேசி முக்கியமானதை விட்டுவிடக்கூடாது. வீட்டில் கரன்ட் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் நிம்மதி. மெயினை இறக்கிவைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் அது தன்பாட்டுக்கு லைனுக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் பகல் முழுக்க அதிலிருந்து வரும் வயரில் மின்சாரம் உண்டு. மூன்றையும் துண்டிக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. மீட்டர் போர்டு நனைந்திருந்தால் பெஸ்காம் (மின்வாரிய) ஆள் வந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

முங்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்சுகள்), சாதா சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். காயவைத்தால் ஓடும் என்று சொல்வார்கள், ஓடவும் ஓடும். ஆனால் ஷாக் அடிக்கும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உள்ளே வண்டல் போயிருக்கும். வயர் வேறு விஷயம். சுவருக்குள் பைப்பில் இருக்கும் நல்ல பி.வி.சி. வயர் நனைந்ததால் மட்டும் கெடாது. கெடுவது ஜாயின்ட். ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து, பைப்பில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றி, ஒவ்வொரு லைனையும் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனுக்குக் கரன்ட் கொடுக்கக்கூடாது. மெக்கர் இல்லாமல் வருகிற எலெக்ட்ரீஷியனை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டர் எதையும் “ஓடுதா பார்க்கலாம்” என்று போட்டுப் பார்க்க வேண்டாம். காரும் அப்படித்தான். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் போன என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

10 செப்டம்பர் 2022, மாலை

சேற்றை இன்றைக்கே அள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கு வரும். காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடிக்கும். உள் அறையிலிருந்து வாசலை நோக்கித் தள்ளுங்கள். கை, காலில் புண் இருப்பவர் இறங்கக்கூடாது. அந்தத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் அதில்தான் வருகிறது. கம் பூட்ஸும் ரப்பர் கையுறையும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். அவர்களே கொண்டுவருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வெறுங்காலோடுதான் வருவார்கள். இன்னும் சில வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மிக முக்கியம். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒன்றைப் போட்ட இடத்தில் நன்றாகக் கழுவாமல் மற்றதை ஊற்றவும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் நுரையீரலையே தாக்கும். 2017-ல் எங்கள் தெருவில் ஒரு அம்மா இப்படிச் செய்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

12 செப்டம்பர் 2022

சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை) பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பெங்களூரில் வீட்டுக்கு வீடு தரைக்கடியில் சம்ப், அதன் மூடியோ தரை மட்டத்தில். வெள்ளம் முதலில் புகும் இடமும் அதுதான். காவிரித் தண்ணீரை ஊருக்கு அனுப்பும் டி.கே. ஹள்ளி பம்பிங் ஸ்டேஷனில் வெள்ளம் புகுந்து அதுவும் தடைபட்டதால், சம்ப்பில் இருப்பதை வடிகட்டி உபயோகிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. குளிக்கவும் வேண்டாம்.

ஆனால் உடனே முழுக்கக் காலி செய்யவும் வேண்டாம். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது காலியான சம்ப்பைக் கீழிருந்து நிலத்தடி நீர் தூக்கும். தளம் விரிசல் விடும், சில சமயம் தொட்டியே மேலெழும்பும். தோட்டத்தில் தண்ணீர் நன்றாக வடிந்து, நிலத்தடி நீர்மட்டம் சம்ப்பின் தளத்துக்குக் கீழே இறங்கிய பிறகு இறைக்கலாம். பேஸ்மென்ட் உள்ள அபார்ட்மென்ட்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரிய பம்பு வைத்து ஒரே ராத்திரியில் உறிஞ்சினால் வெளியே இருக்கும் ஈரமண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு இறக்கி, மறுநாள் மட்டம் தானாக ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் நிறுத்துங்கள். வெளித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சம்ப்புக்குள் ஆளை இறக்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, மேலே ஒருவர் கயிற்றோடு நின்றால்தான் இறக்க வேண்டும். முடிந்தவரை மேலிருந்தே கழுவப் பாருங்கள். வண்டலை எடுத்த பிறகு தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 10,000 லிட்டர் சம்ப் என்றால் ஒன்றரை கிலோ. ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். அதை மாடி டேங்கிலும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். பவுடர் புதிதாக இருக்க வேண்டும், பழசில் குளோரின் போயிருக்கும். இந்த வேலை முடியும்வரை ஆர்.ஓ. ஃபில்டரை லைனிலிருந்து கழற்றி வையுங்கள். குளோரின் அதன் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) தின்றுவிடும்.

13 செப்டம்பர் 2022

இன்ஷூரன்ஸ். வீட்டுக் கடன் எடுத்தபோது பாங்க்கில் சேர்த்துக் கொடுத்த பாலிசி ஒன்று எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். நிறையப் பேருக்கு இருப்பதே தெரியாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியும் கொடுக்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் வெள்ளம் உண்டு. கட்டடத்துக்கு எடுத்திருந்தால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும்.

அதனால் எதையும் உடைக்கும் முன், தூக்கிப் போடும் முன் போட்டோ. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் டேப் பிடித்து ஒரு போட்டோ, ஒவ்வொரு அறையிலும். ஊறிய பிளைவுட்டில் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். சர்வேயர் வரும்போது தரை பளிச்சென்று இருந்தால் அவருக்கு எழுத எதுவும் இருக்காது. கம்பெனிக்குத் தகவல் போன பிறகு சேற்றை அள்ளுவதில் தடையில்லை. சேதம் பெருகாமல் பார்ப்பது நம் பொறுப்பும்கூட.

17 செப்டம்பர் 2022

“பூச்சை எல்லாம் கொத்தி எடுத்துவிடலாமா, இல்லை அப்படியே விடலாமா?” மேலே காயட்டும் என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். சுவருக்குச் சுவர் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஜிப்சம் பூச்சு, பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். ஈரத்தில் அது சோறு மாதிரி குழைந்துவிடும். சர்ஜாப்பூர் ரோட்டுப் புது வீடுகளில் உள் சுவர் பெரும்பாலும் இதுதான். தண்ணீர்க் கோட்டோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் ஒன்றரை அடி எடுங்கள். ஈரம் சுவருக்குள் மேல்நோக்கி ஏறியிருக்கும்.

சிமென்ட் பூச்சை விரல் மடக்கித் தட்டுங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். பெயிண்டையும் பட்டியையும் மட்டும் சுரண்டினால் போதும், சுவர் மூச்சு விடும். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்துங்கள். முழுச் சுவரையும் கொத்துவதில் காண்ட்ராக்டருக்குச் சதுர அடிக் கணக்கு ஏறும், உங்களுக்கு லாபம் இல்லை.

ஹாலோ பிளாக் சுவரா என்று பாருங்கள். அதன் பொந்துகளில் தண்ணீர் தேங்கி நிற்கும், வெளியே காய்ந்த மாதிரி தெரியும். அடி வரிசையில் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு துளை போட்டால் பல நாள் கழித்தும் தண்ணீர் சொட்டும். சாலிட் பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பயப்பட வேண்டாம், ஈரம் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

விரிசல்கள்: பெயிண்டில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலுக்கு அவசரம் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, நாளாக நாளாக அகலும் விரிசல் என்றால் அஸ்திவாரத்தடி மண் இறங்குகிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும். விரிசலின் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தடவித் தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் விரிசல் நகர்கிறது.

17 செப்டம்பர் 2022, சற்று நேரம் கழித்து

மேலே பி.ஓ.பி.யை எடு என்றேன், இங்கே தடவு என்கிறேன் என்று ஒருவர் சிரிக்கிறார். அங்கே அது சுவர்ப்பூச்சு, இங்கே அது காவல்காரன். காய்ந்த சுவரில் மட்டும் தடவுங்கள். ஈரச் சுவரில் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே சிமென்டால் ஒட்டலாம்.

24 செப்டம்பர் 2022

இது மாடி வீட்டுக்காரர்களுக்கு அல்ல.

ஈஜிபுராவிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஒற்றை அறை, ஷீட் கூரை, வாடகை. நாலு வீடுகளில் வேலை செய்கிறார். அவர் வேலை செய்யும் வீட்டில் சேறு அள்ளப் போய்க்கொண்டிருந்ததால் சொந்த வீட்டில் அள்ளவே நேரம் கிடைக்கவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “எனக்கு இதில் எது பொருந்தும் அண்ணா?” என்று கேட்கிறார். எல்லாரும் மெக்கர், மெம்பிரேன் என்று பேசிக்கொண்டிருந்தோம். கேட்டதும் மனசு கனத்துவிட்டது.

தங்கச்சி, முதலில் கரன்ட். ஒரு பல்பு, ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கும். அந்தப் பிளக் பாயின்ட் முங்கியிருந்தால் அதை மாற்றாமல் எதுவும் சொருகாதே. மாற்றும்போது தரையிலிருந்து நாலு அடி உயரத்தில் வைக்கச் சொல். செலவு அதிகம் ஆகாது. வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இது ஒன்றைத்தான். இதற்கு மறுத்தால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, அதை வைத்துக்கொள்.

பஞ்சு மெத்தை, தலையணை நனைந்திருந்தால் போகட்டும், காயவைத்துப் படுக்காதே. பாய், எவர்சில்வர் பாத்திரம், துணி எல்லாம் கழுவினால் மீளும். அரிசி, பருப்பு மூட்டை நனைந்திருந்தால் வேண்டாம். மூடி இறுக்கமான டப்பா தண்ணீரில் முங்காமல் இருந்தால் சரி, ஆனால் திறக்கும் முன் டப்பாவை வெளியே பிளீச்சிங் தண்ணீரால் துடை. கேஸ் சிலிண்டர் உருண்டிருந்தால் ஏஜென்சியில் சொல். ரெகுலேட்டரும் டியூபும் மாறட்டும்.

சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு சுண்ணாம்பு அடி. ஈரச் சுவரில் தைரியமாக அடிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஈரத்தை வெளியே விடும், பூஞ்சணத்தை அண்டவிடாது, விலையும் குறைவு. கண்ணில் படாமல் பார்த்துக்கொள். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே ஹாலோ பிளாக் வை. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உத்தரத்தில் கட்டு.

மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சேற்று வேலைக்குத் தனிக் கூலி கொடுங்கள். அது சமையல் சம்பளத்தில் சேர்ந்தது இல்லை.

2 அக்டோபர் 2022

மரச் சாமான். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள்) ஊறிப் பெருத்திருந்தால் தீர்ந்தது. பிளைவுட்டில் சாதா கமர்ஷியல் ரகம் ஒட்டு விட்டுப் பிரியும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை இரண்டு நாள் தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் அதன் மேல் ஒட்டிய லேமினேட்டும் பின்பக்க ஓரமும் தாங்காது. தேக்குக் கதவை, பழைய பெஞ்சை வெயிலில் போடாதீர்கள், வளைந்துவிடும். நிழலில், கீழே கட்டை கொடுத்து, காற்றோட வையுங்கள். வீங்கிய கதவை இப்போதே இழைக்கச் சொல்லாதீர்கள். காய்ந்த பிறகு இடைவெளி விழும். ஆசாரியை மாசி மாதம் வரச் சொல்லுங்கள்.

சமையலறையை மறுபடி மாடுலராகப் போட நினைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவின் பழைய வீடுகளில் கடப்பாக்கல் அலமாரியும் கிரானைட் மேடையும். வெள்ளம் வடிந்ததும் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டு அன்று மாலையே சமைத்தார்கள். ரெட் ஆக்ஸைடு தரையும் அப்படித்தான் தப்பித்தது. கீழ்த் தட்டுகளையாவது கல்லாலோ எவர்சில்வராலோ போடுங்கள். அழகு குறையாது.

டைல்ஸ் தரையைப் பற்றி எனக்கே இன்னும் தீர்மானம் இல்லை. விட்ரிஃபைட் டைல் கெடாது, அதனால் தொட வேண்டாம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அடியில் சிமென்ட் படுகை இருந்தால் அது சரி. மணல் விரித்துப் பதித்த தரை என்றால், மணலில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி, இடுக்கு வழியாக நாற்றம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மூலையில் இரண்டு டைல் மட்டும் எடுத்துப் பாருங்கள். மணல் ஈரமாக, கருப்பாக இருந்தால் அந்த அறையை முழுக்க எடுப்பதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

3 அக்டோபர் 2022

இங்கே எழுதும் எலெக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் நல்ல விஷயம் சொல்கிறார். மறு வயரிங் செய்கிறவர்கள் கீழ்த்தளத்தையும் மாடியையும் தனித்தனி சர்க்யூட்டாகப் பிரித்து, கீழ்த்தளத்து வயரைத் தரைவழியாகக் கொண்டுவராமல் மேல் தளத்திலிருந்து இறக்கினால், அடுத்த முறை கீழே அணைத்துவிட்டு மாடியில் விளக்கோடு இருக்கலாம். எர்த் குழியையும் சோதிக்கச் சொல்கிறார். இரண்டையும் செய்யுங்கள்.

8 அக்டோபர் 2022

ஹாலஜன் விளக்கு வைத்துச் சுவரைக் காயவைக்கிறார்களாம். மேல் தோல்தான் காயும். கரியடுப்பைப் பூட்டிய அறையில் வைப்பது உயிருக்கே ஆபத்து. டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின்) வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, ஆனால் ஜன்னலை மூடிவைத்து ஓட்ட வேண்டும். திறந்து வைத்தால் பெங்களூரு முழுவதையும் காயவைக்க அது முயன்றுகொண்டிருக்கும். வெளியே வெயில் அடிக்கும் நாளில் எல்லா ஜன்னலும் திறந்து ஃபேன், மழை நாளில் மூடிவிட்டு மெஷின். பீரோ, சோபா எதுவும் சுவரை ஒட்டி நிற்கக்கூடாது.

18 அக்டோபர் 2022

இந்த வருஷம் பெங்களூரில் பெய்த மழை நேற்றோடு 1,706 மி.மீ. 2017-ல் பெய்த 1,696 மி.மீ. சாதனையைத் தாண்டிவிட்டது. சுவர் ஏன் இன்னும் காயவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். இந்த வருஷம் என் கணக்கில் இன்னும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலை தீபாவளிக்காரருக்கு: வீட்டை அப்படியே விட வேண்டாம் சார். தங்கைக்குச் சொன்னதே உங்களுக்கும். சுரண்டிய சுவருக்குச் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் சேர்த்து இரண்டு கோட். பிடிப்புக்காக ஆட்கள் பெவிகாலைக் கொட்டுவார்கள், கொட்ட விடாதீர்கள், சுவரின் துளைகளை அது அடைத்துவிடும். பழைய எமல்ஷன் மீதியிருக்கும் இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால் சுரண்டுவதில்தான் உழைப்பு. படுக்கை, குழந்தை, வயதானவர்கள் மாடியில் இருக்கட்டும். கீழே கோலமும் விளக்கும் வைத்தால் மாப்பிள்ளை குறை சொல்ல மாட்டார்.

20 அக்டோபர் 2022

நேற்று மாலை மறுபடி பெல்லந்தூர் பக்கம் ரோடெல்லாம் ஆறு. சுண்ணாம்பு அடித்தவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

6 நவம்பர் 2022

“ஏரியில் வீடு வாங்கினால் இப்படித்தான்” என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கோபப்பட வேண்டாம், பதில் சொல்கிறேன்.

பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். பெரிய ஆறு கிடையாது. விழுகிற மழை மூன்று பள்ளத்தாக்குகளாகப் பிரிந்து ஓடுகிறது: விருஷபாவதி, ஹெப்பாள், கோரமங்களா-செல்லகட்டா. ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு ராஜகாலுவே (மழைநீர்ப் பெருங்கால்வாய்) வழியாகப் போகும் சங்கிலி. நாங்கள் இருப்பது அந்த மூன்றாவது பள்ளத்தாக்கில். தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். எங்கள் தெருவில் பூச்சு வேலை செய்ய வந்த கொத்தனார்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். இந்தத் தண்ணீர் அவர்கள் ஊர் வழியாகப் போகிறது என்றதும் ஒருவர் சேற்றை ஒரு பார்வை பார்த்தார். “எங்க வயலுக்கு இதுவா சார் வருது?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாங்கியவர்கள் எல்லாம் தெரிந்து வாங்கவில்லை. அரசாங்க லேஅவுட்டே ஏரிப் படுகையில் போட்டிருக்கும்போது பத்திரத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் இனிமேல் பெரிய தொகை போட்டுச் சீரமைக்கும் முன் பழைய கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பாருங்கள். ராஜகாலுவே பக்கத்தில் ஓடினால், அதன் வகையைப் பொறுத்து மையத்திலிருந்து 50, 25, 15 மீட்டர் என்று மாஸ்டர் பிளானில் இடைவெளி இருக்கிறது. அதற்குள் இருந்தால் இன்டீரியருக்குப் பணம் போடும் முன் வக்கீலைப் பாருங்கள்.

19 டிசம்பர் 2022

ஆல்பம். ஈரமாக ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தில் போய்விடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகப் பிரியும், பிறகு படத்தைத் தொடாமல் நிழலில் படுக்கவைத்துக் காயவையுங்கள். உடனே செய்ய நேரம் இல்லை என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம், பூஞ்சணம் பிடிக்காமல் காத்திருக்கும். புத்தகத்துக்கும் இதே வழி. இதைச் செப்டம்பரிலேயே சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேருக்கு உதவியிருக்கும். அடுத்து வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2023

இப்போது பெயிண்டைப் பற்றிப் பேசலாம்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, தண்ணீர்க் கோட்டுக்கு அருகே ஒன்று. எடுக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ இன்னும் ஓதம் இருக்கிறது. வடக்குப் பக்கச் சுவரும் பாத்ரூமை ஒட்டிய சுவரும் கடைசியில்தான் காயும், அங்கேதான் சோதிக்க வேண்டும். பெயிண்டர்கள் வெயில் படும் ஹால் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு “காஞ்சிருச்சு சார்” என்பார்கள்.

கொத்திய இடங்களுக்கு மறுபூச்சு என்றால் வெறும் சிமென்ட் வேண்டாம். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். மேஸ்திரி முகம் சுளிப்பார், செட் ஆக நேரம் எடுக்கும் என்பார். எடுக்கட்டும். கீழே மூன்று அடிக்கு ஜிப்சம் பக்கமே போகாதீர்கள்.

14 மார்ச் 2023

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஹாலிலும் முன் அறையிலும் ஷீட் வியர்க்கவில்லை, பெயிண்ட் ஆரம்பித்துவிட்டார்கள். பூஜை அறையை ஒட்டிய சுவர் இன்னும் வியர்க்கிறது, அதைச் சுண்ணாம்போடு விட்டிருக்கிறார். அந்தக் காண்ட்ராக்டரிடம் அவசரமாகக் கொடுத்த பக்கத்து வீட்டில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து தொங்குகிறதாம். அவர்களையும் இங்கே எழுதச் சொல்லுங்கள் சார், சுரண்டிவிட்டு இந்தக் கோடையிலேயே காயவைத்துவிடலாம்.

ஈஜிபுரா தங்கைக்குப் பிளக் பாயின்ட் நாலு அடி உயரத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் அல்ல, அவர் வேலை செய்யும் வீட்டில் ஒருவர் செய்து கொடுத்தார்.

ஜூனுக்குள் முடிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சம்ப் மூடியை ஒன்றரை அடி கட்டி உயர்த்தி, ரப்பர் வாஷர் வைத்த மூடி போடுங்கள். பல வீடுகளில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, பாத்ரூம் ஓட்டை வழியாகச் சாக்கடையே எதிர்த்து வந்தது. வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விடும், திரும்ப விடாத வால்வு) ஒன்று போட்டால் அது நிற்கும். சேம்பருக்குள் எட்டும் இடத்தில் போடச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு முறை திறந்து, சிக்கிய தலைமுடியையும் குப்பையையும் எடுக்க வேண்டியிருக்கும். எந்த அளவு வால்வு என்று கேட்டவருக்கு: உங்கள் வெளிக்குழாய் நாலு அங்குலமா ஆறு அங்குலமா என்று அளந்து எழுதுங்கள், சொல்கிறேன்.